ரயில்வே பிகே

பி.கே. பானர்ஜி மோகன் பகானுக்கும் ஆடவில்லை, ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடவில்லை. கல்கத்தாவில் கால்பந்து ஆடி, இந்திய அணிக்குக் கேப்டனாகவும் ஆகி, ஊரின் இந்த இரண்டு பெரிய கிளப்புகளின் சட்டைகளில் ஒன்றைக்கூடப் போடாமல் ஒருவர் ஓய்வு பெற்றார் என்றால் அந்த ஊர்க்காரர்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அதே மனிதர்தான் பிறகு கோச்சாக வந்து இரண்டு கிளப்புகளையும் மாற்றி மாற்றி ஜெயிக்க வைத்தார்.

ஆடிய காலத்தில் ஏறக்குறைய முழுக்க அவர் இருந்தது ஈஸ்டர்ன் ரயில்வே அணியில். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் பெரியப்பாவுக்கு இந்த ஒரு தகவல் போதும். "பிகே எங்க ஆளுடா தம்பி, ரயில்வேக்காரன்" என்பார். கல்கத்தாவுக்கும் திருச்சிக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷன் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. பாஸ் ஒன்று, சம்பளக் கமிஷன் ஒன்று, அப்போ எல்லோரும் ஒரே குடும்பம்.

பொன்மலையைத் தெரியாதவர்களுக்காக: நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1920களில் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு வந்தது. அதோடு ஒரு காலனியும் வந்தது. சங்கு ஊதினால் சைக்கிள்கள் கிளம்பும், ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும், சாயங்காலம் ஜி கார்னர் மைதானத்தில் பந்து உருளும். டெல்டாவில் கிரிக்கெட் பிடித்துக்கொண்ட பிறகும் கால்பந்து கொஞ்சம் மிச்சமிருந்த இடங்களில் அது ஒன்று. காரணம் எளிது. ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும் என்றால் எந்த அம்மாவும் பையனைப் பந்து விளையாடாதே என்று சொல்ல மாட்டாள்.

பிகே பிறந்தது 1936 ஜூன் 23, வடக்கு வங்காளத்தில் ஜல்பைகுரி பக்கம் மைனாகுரி. குடும்பம் ஜாம்ஷெட்பூருக்குப் போனது. பதினைந்து வயசிலேயே பீகாருக்காக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் ஆடினார். 1954-ல் கல்கத்தாவின் ஆரியன் கிளப், மறு வருஷம் ஈஸ்டர்ன் ரயில்வே. அப்புறம் மாறவே இல்லை.

கல்கத்தா லீக் என்பது அந்தக் காலத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட சொத்து. 1958-ல் அந்தப் பங்கில் ஈஸ்டர்ன் ரயில்வே புகுந்து லீக்கைத் தூக்கிக்கொண்டு போனது. அடுத்தபடியாக இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு அணி, பியர்லெஸ், லீக் ஜெயித்தது 2019-ல். நடுவில் 61 வருஷம்! பிகேயின் பதக்கங்களை எல்லாம் விட இந்த ஒரு லீக்தான் அவருடைய கோச் வாழ்க்கைக்கு விதை என்று நான் நினைக்கிறேன். பெரிய கிளப்பில் உன் பக்கத்தில் ஆடுகிறவனும் நட்சத்திரம். ரயில்வே அணியில் ஒரு பிகே இருப்பார், சுற்றிலும் நல்ல, சாதாரணமான பத்துப் பேர். போதாததற்கு அவர் ஆடிய இடம் ரைட் அவுட், அதாவது முன்வரிசையின் வலது ஓரம். யாராவது பந்தைக் கொடுத்தால்தான் கோட்டோரத்தில் அவருக்கு வேலை. அந்தப் பத்துப் பேரில் யார் எப்போது சோர்வான், யாரைத் தட்டிக்கொடுத்தால் ஓடுவான், யாரைத் திட்டினால்தான் ஓடுவான் என்பதெல்லாம் தெரியாமல் அந்த இடத்தில் பிழைக்க முடியாது.

இந்திய அணியில் அவருக்குக் கிடைத்த வாத்தியார் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். வாத்தியார் என்று சும்மா சொல்லவில்லை, ரஹீம் நிஜமாகவே பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி நான்காவது இடம் பிடித்தது. பிகே அந்த அணியில் இருந்தார். 1960 ரோமில் அவரே கேப்டன். ஹங்கேரியிடம் 1-2 தோல்வி, நம் கோல் துளசிதாஸ் பலராம் அடித்தது. பிரான்ஸோடு 1-1, கோல் பிகேயுடையது. பெருவிடம் 1-3, கோல் சைமன் சுந்தரராஜ் அடித்தது என்பார்கள், சில பதிவுகளில் பலராம் பெயர் இருக்கிறது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டிக் கதையைப் பெரியப்பா சொல்லும்போது குரலே மாறிவிடும். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்துப் பேச, ஊர் முழுக்க நம் அணி மேல் கோபம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு நடுவில் தலையில் அடி. தையல் போட்ட தலையோடு பின்வரிசையில் நின்றால் ஆபத்து என்று ரஹீம் அவரை முன்வரிசைக்கு, சென்டர் ஃபார்வர்டாக அனுப்பினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக அவர் கோல் போட்டார். இறுதிக்கு மறுபடி அதே தென் கொரியா. செப்டம்பர் 4, லட்சம் பேர் எதிராகக் கத்தும் மைதானம், கோல்கீப்பர் தங்கராஜுக்குக் காய்ச்சல். பிகே ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல், 2-1.

இறுதிக்கு முந்தின இரவில் ரஹீம் ஆட்டக்காரர்களிடம், நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கப் பதக்கம் என்று கேட்டார் என அந்த அணியில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் புற்றுநோய். அடுத்த வருஷம் ஜூனில் இறந்துபோனார். நான் கவனிப்பது வேறொன்றை. நன்றாக ஓடுங்கள், நாட்டின் மானம், கொடி என்று அவர் பேசவில்லை. எனக்கு என்று கேட்டார். அந்தப் பதினோரு பேருக்கும் அந்த மனிதரைத் தெரியும், அவருக்கு அவர்களைத் தெரியும். அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் அதையே சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது.

இங்கே சைமன் சுந்தரராஜைக் கொஞ்சம் நிறுத்திப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் யாரும் பேசுவதில்லை. அவரும் ஆட்டத்தை விட்டபின் கோச் ஆனவர். கேரளா முதன்முதலாக சந்தோஷ் டிராபி ஜெயித்தது 1973-ல், எர்ணாகுளத்தில். அந்த அணிக்குக் கோச் சைமன் சுந்தரராஜ். இறுதியில் கேப்டன் மணி ஹாட்ரிக் அடிக்க, 3-2. மலையாளிகள் இன்னும் அந்த ஆட்டத்தைக் கொண்டாடுகிறார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் இதில் ஒரு சங்கடம். தோற்ற அணி ரயில்வே. "தமிழ்ப் பேருள்ள ஆளு ஜெயிச்சாரு, சந்தோசம். ஆனா நம்மளையா தோக்கடிக்கணும்?" என்பார், ஏதோ நேற்றுதான் நடந்த மாதிரி.

சரி, பிகேக்கு வருவோம். காயத்தால் 1967-ல் ஆட்டத்தை விட்டார். பேர் பெற்ற ஆட்டக்காரர், நேராகப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் 1969-ல் ஜப்பானில் ஜெர்மானியர் டெட்மார் கிராமர் நடத்திய பிஃபா பயிற்சி வகுப்புக்குப் போய்ப் படித்தார். அடுத்த வருஷம் பாங்காக் ஆசியப் போட்டியில் அவரும் பாஷாவும் கோச்சாக இருந்த இந்திய அணி, ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம் வாங்கியது. ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா வாங்கிய கடைசிப் பதக்கம் அது.

1972-ல் ஈஸ்ட் பெங்கால் அவரைக் கூப்பிட்டது. அந்தக் கிளப் 1970 முதல் 1975 வரை தொடர்ச்சியாக ஆறு லீக் ஜெயித்தது. அதில் கடைசி நான்கு பிகேயின் கணக்கு. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று அடித்தார்கள். கல்கத்தாவில் அந்த எண்ணைச் சொன்னாலே போதும், எந்த ஆட்டம் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த நான்கு வருஷத்தில் எனக்குக் கோப்பைகளை விட சுபாஷ் பௌமிக்கின் கதைதான் பிடிக்கும். 1970 வெண்கல அணியில் ஆடியவர். மோகன் பகானை விட்டு 1973-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தபோது, அவ்வளவுதான், இவர் முடிந்தார் என்று பலர் எழுதிவிட்டிருந்தார்கள். உடம்பு கனமான ஆள், கோபக்காரர். பிகே அவரைத் தனியாக வைத்து வேலை வாங்கித் தேற்றினார். மறுபடி எதிரணிகள் பயப்படுகிற ஆட்டக்காரரானார் பௌமிக்.

அப்புறம் பிகே செய்ததுதான் வேடிக்கை. 5-0 வாங்கிய மோகன் பகானுக்கே 1976-ல் கோச்சாகப் போனார். அந்த வருஷ லீக்கில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 17-வது வினாடியில் முகமது அக்பர் கோல் போட, அதுவே வெற்றிக் கோல். ஆறு வருஷத் தொடர் அறுந்தது. 1977 மோசமாகத் தொடங்கியது. கொச்சியில் நடந்த முதல் பெடரேஷன் கோப்பை இறுதியில் பெங்களூர் ஐ.டி.ஐ.யிடம் தோல்வி, லீக் மறுபடி ஈஸ்ட் பெங்காலுக்கு. ரசிகர்கள் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில் செப்டம்பர் 24-ம் தேதி ஈடன் கார்டனுக்குப் பெலே வந்தார், நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு. மழையில் ஊறிய மைதானம். ஷியாம் தாபா ஒன்று, ஹபீப் ஒன்று என்று மோகன் பகான் முன்னிலைக்கே போய்விட்டது. கடைசியில் ஒரு பெனால்டியால் 2-2. பெலேயைக் கௌதம் சர்க்கார் விடாமல் ஒட்டிக்கொண்டே ஆடினார். அந்த வருஷம் முடிவதற்குள் ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட் என்று மூன்று கோப்பைகளும் மோகன் பகானுக்கு வந்தன. செப்டம்பருக்கு முன்னும் அதே ஆட்கள், பின்னும் அதே ஆட்கள்.

கல்கத்தாவில் இதற்கு "வோக்கல் டானிக்" என்று பெயர். பிகே ஆட்டத்துக்கு முன் பேசுவார், பையன்கள் நெருப்பாகி வெளியே வருவார்கள் என்று கதை. பத்திரிகைகளுக்கு இது வசதியாக இருந்தது. ஆனால் பேச்சு என்றால் சொற்பொழிவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் இதைச் சொல்லவே வேண்டாம், மேடையும் மைக்கும் கண்டால் நமக்குக் கை தன்னால் தட்டும்.

நான் பார்த்த ஒரே நல்ல கோச் சொற்பொழிவு எதுவும் செய்தவர் இல்லை. பெரியப்பாதான். மே மாதம் லீவு போட்டுவிட்டு மன்னார்குடி பக்கம் எங்கள் ஊருக்கு வருவார். சம்பா அறுத்து, அதில் தெளித்த உளுந்தும் பறித்த பிறகு வயல் சும்மா கிடக்கும். களிமண் பாளம் பாளமாக வெடித்திருக்கும், சில வெடிப்பில் கால் கட்டைவிரல் முழுசாக உள்ளே போகும். மண்வெட்டியால் கொத்தி, தட்டி, வெடிப்புகளை மூடி, சவுக்குக் கழி நட்டுக் கோல் கட்டுவோம். கோடு கிழிக்கச் சுண்ணாம்புக்குக் காசில்லை, சாம்பல்தான். அந்த மைதானத்துக்கு ஆயுள் மேட்டூர் திறக்கும் வரை. ஜூன் 12 திறந்து, கல்லணை திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்வரை பந்து உருளும்.

பக்கத்து ஊரோடு ஒரு ஆட்டம். அவர்கள் ஏழாம் நம்பர் பையன் எங்கள் லெஃப்ட் பேக்கை மூன்று தடவை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டான், அதில் ஒன்று கோல். இடைவேளையில் எல்லோரும் அந்த லெஃப்ட் பேக்கைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தோம். அவன் எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பெரியப்பா அவனுக்கு முன்னால் குந்தினார்.

"அவன் எந்தக் கால்ல ஆடுறான்?"

"தெரியல சார்."

"போய் அத மட்டும் பாரு. பந்த எடுக்காத, பரவால்ல. எந்தக் கால்னு பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லு."

அவ்வளவுதான். மற்றவர்களிடம் அவர் பேசவே இல்லை. இரண்டாம் பாதியில் கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பையன் கோட்டோரம் வந்து, "வலது கால் மட்டுந்தான் சார், இடது சும்மா ஊணுறதுக்கு" என்று கத்தினான். அதற்குப் பிறகு ஏழாம் நம்பர் அவனைத் தாண்டவில்லை. பெரியப்பா அவனுக்குத் தைரியம் எதையும் சொல்லவில்லை, ஒரு வேலை கொடுத்தார், கேவலப்பட்டு உட்கார்ந்திருந்தவனுக்குப் பார்க்க ஒன்று கிடைத்தது. அதே வார்த்தையை எங்கள் ஸ்ட்ரைக்கரிடம் சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பான். அவனை அவர் கண்டுகொள்ளவே மாட்டார், அதில் வெறுத்துப்போயே அவன் கோல் போடுவான். பிகேயின் டானிக்கும் இந்த வகையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. பௌமிக்குக்கு ஒரு மருந்து, சர்க்காருக்கு ஒரு மருந்து. எல்லோருக்கும் ஒரே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருந்தால் இருபத்தைந்து வருஷம் வேலை செய்திருக்காது.

பிகே தொட்டதெல்லாம் பொன் என்று சொல்வதும் சரியில்லை. எழுபதுகளில் இந்தியாவின் நல்ல ஆட்டக்காரர்களில் பெரும் பகுதி கல்கத்தாவில், அதுவும் இந்த இரண்டு கிளப்புகளில்தான் இருந்தார்கள். அந்த வசதி இந்திய அணியின் கோச்சாக இருந்தபோது ஆசிய அளவில் உதவவில்லை. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் சொந்த மண்ணில் காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1. ஜப்பானும் கொரியாவும் ஓடிய வேகத்துக்கு நம் அமைப்பே ஓடவில்லை, அதற்கு ஓய்வறையில் பேசி என்ன செய்வது? தொண்ணூறுகளில் அவர் ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமியைப் பார்த்துக்கொள்ளப் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தயாரான ஆட்களைத் தேற்றுவதை விட்டு, ஆட்களையே தயார் செய்யப் போனார்.

அங்கிருந்து அவரை ஈஸ்ட் பெங்கால் மறுபடி இழுத்து வந்தது. 1997 ஜூலை 13, பெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் ஸ்டேடியம். 1,31,000 பேருக்கு மேல். எதிரே மோகன் பகான், அதன் கோச் அமல் தத்தா. தத்தாவும் இந்தியாவுக்கு ஆடியவர், சொந்தச் செலவில் இங்கிலாந்து போய்ப் பயிற்சி கற்றவர், கால்பந்து கோச் வேலையையே முழுநேரப் பிழைப்பாக எடுத்துக்கொண்டவர். அந்த வருஷம் அவருடைய வைர வடிவ ஆட்டமுறையால் மோகன் பகான் எல்லோரையும் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அவர் வாய் சும்மா இருக்கவில்லை. ஈஸ்ட் பெங்காலின் ஒமோலோவை ஆம்லெட் என்றார், இருபது வயசு பைச்சுங் பூட்டியாவை சுங் சுங் என்றார். பிகேக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எதிராளியே டானிக் தயாரித்துப் பத்திரிகையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். ஆட்டம் 4-1. பைச்சுங் ஹாட்ரிக்.

பெரியப்பாவும் இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார். இறுதியில் ஈஸ்ட் பெங்கால் சல்காவ்கரிடம் 1-2 தோற்றது, கோப்பை கோவாவுக்குப் போனது. நான் அதைச் சொன்னால், "அது ஃபைனலுடா, நான் சொல்றது மேட்ச்சு" என்பார்.

பிகே, சூனி கோஸ்வாமி, பலராம் மூவரும் ஒரே காலத்து மேதைகள். சூனியின் ஆட்டம்தான் மூன்றிலும் அழகு என்று பார்த்தவர்கள் சொல்வார்கள், அவர் ரஞ்சி கிரிக்கெட்டில் வங்காளத்துக்குக் கேப்டனாகவும் இருந்தவர். ஆனால் பெரிய கோச் ஆனது பிகே ஒருவர்தான். எங்கள் பக்கத்து நாகஸ்வரக் குடும்பங்களில் சொல்வார்கள், வித்வானின் பிருகா பிள்ளைக்கு வராது, பாடம் சொல்லிக்கொடுக்கிற விதம் மட்டும் வரும் என்று. ரஹீமிடமிருந்து பிகேக்கு வந்தது அந்த விதம். பிகேயிடமிருந்து பௌமிக்குக்கும் அதுதான் போனது.

பௌமிக் பின்னாளில் ஈஸ்ட் பெங்காலுக்கே கோச்சானார். 2003-ல் ஆசியான் கிளப் கோப்பைக்கு அணியை அழைத்துப் போனார். போட்டி நடந்த ஊர் ஜகார்த்தா. முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனாவிடம் 0-1 தோல்வி. இறுதியில் எதிரே வந்ததும் அதே அணி, இந்த முறை 3-1 வெற்றி. ரஹீமின் பையன்களும் அதே ஊரில், முதலில் தோற்ற அணியைத்தான் இறுதியில் வென்றார்கள். ரஹீம், அவரிடம் ஆடிய பிகே, பிகேயிடம் ஆடிய பௌமிக், மூன்று தலைமுறை. இதை எங்காவது கல்வெட்டில் வெட்டி வைக்கலாம். நாம் ஸ்கோரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிகே இறந்தது 2020 மார்ச் 20. அந்த வாரம் நாடு முழுக்க ஒரே செய்திதான், நாலைந்து நாளில் ஊரடங்கு. நாளிதழில் ஒரு ஓரத்தில் வந்திருந்தது. ஏப்ரல் 30-ல் சூனியும் போனார், அதுவும் ஓரத்தில்தான். பைச்சுங்குகள் இரங்கல் சொன்னார்கள், ஊர்வலம் போகிற நிலையில் ஊர் இல்லை.

பிகேயின் பிறந்த நாளான ஜூன் 23-ஐ அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இப்போது அடித்தளக் கால்பந்து நாளாகக் கொண்டாடுகிறது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் பந்து உருட்ட வைக்கிறார்கள், நல்ல காரியம். டெல்டாவுக்கு வருவதாக இருந்தால் மட்டும் மே மாதமே வந்துவிட்டால் நல்லது. ஜூன் 23-க்கு எங்கள் மைதானத்தில் ஒன்று தண்ணீர் நிற்கும், இல்லையென்றால் தண்ணீர் வரவில்லை என்று ஆட்டக்காரர்களின் அப்பாக்கள் எல்லோரும் சாலை மறியலில் உட்கார்ந்திருப்பார்கள்.